மாணவர் சேவை மதிப்பீட்டு அறிக்கை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவுகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். கவுன்சலிங், தங்கும் விடுதி, நிதியுதவி, வேலைவாய்ப்பு வழிகாட்டல், கழக நடவடிக்கை என்று எந்த மூலையில் இருந்தாலும் ஆண்டு முடிவில் ஒரே வேலைதான் காத்திருக்கும்: உங்கள் சேவையால் மாணவருக்கு என்ன விளைந்தது என்று எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் கேள்விக்குறிகளோடு திரும்பி வரும்.

பழுது தெரிவது அறிக்கையில். அது உண்டானது பெரும்பாலும் திட்டத்தில், ஆண்டுத் தொடக்கத்தில், "இந்த எண் வந்தால் நாம் என்ன முடிவெடுப்போம்?" என்று யாரும் கேட்காமல் விட்ட அன்றைக்கு. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அதன் பிள்ளைகள்தான்.

அறிகுறி: "இத்தனை நிகழ்ச்சி, இத்தனை பேர்" என்று எழுதினோம். "அதனால் என்ன?" என்று கேட்கிறார்கள்

அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறியுங்கள்: இது நாம் செய்ததா, மாணவரிடம் நடந்ததா? 12 பட்டறை, 840 வருகை, 3 கையேடு, 1 கண்காட்சி எல்லாமே நாம் செய்தவை. மாணவரிடம் நடந்தது என்ற குறி ஓர் இடத்தில்கூட விழவில்லை என்றால் கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்.

இந்த ஆண்டு அறிக்கையை ஓரளவு காப்பாற்றலாம். முகப்பில் இருக்கும் பதிவேடுகளைத் துழாவுங்கள். ரெசுமே பட்டறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பிறகு ரெசுமேயைத் திருத்திக்கொண்டு வந்தார்கள்? நிதியுதவி விளக்கக்கூட்டத்துக்குப் பின் வந்த விண்ணப்பங்களில் எத்தனை, ஆவணக் குறை இல்லாமல் முதல் தடவையே ஏற்கப்பட்டன? இப்படிப்பட்ட தகவல் பல அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கும். அதை மதிப்பீடு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டுக்கு, வாக்கியத்தில் கைவைக்க வேண்டும். "மாணவர்கள் பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் பற்றி விழிப்புணர்வு பெறுவர்" என்று எழுதினால் அங்கேயே கதை முடிந்துவிடும். விழிப்புணர்வைக் கண்ணால் பார்த்தவர் யார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "விளக்கக்கூட்டத்தின் முடிவில், இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் சொந்தக் கடன் தொகை, ஆண்டுக்கு 1 விழுக்காடு ஊஜ்ரா (சேவைக் கட்டணம்), திருப்பிச் செலுத்தும் காலம் மூன்றையும் வைத்து மாதத் தவணை ஏறக்குறைய எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டுவர்; பத்தில் எட்டுப் பேராவது சரியாகச் செய்வர்." யார், எப்போது, என்ன செய்வார், எந்த அளவுக்கு என்ற நான்கும் இதில் இருக்கின்றன. அளக்கும் கருவியும் கூடவே வந்துவிட்டது: ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்கு. தனியாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம்.

வினைச்சொல்லைப் பார்த்தாலே வாக்கியம் தேறுமா என்று சொல்லிவிடலாம். அறிவர், உணர்வர், மேம்படுவர், ஊக்கம் பெறுவர் என்றால் திருப்பி அனுப்புங்கள். பட்டியலிடுவர், கணக்கிடுவர், தேர்ந்தெடுப்பர், எழுதித் தருவர், செய்து காட்டுவர் என்றால் உட்காரவைத்துப் பேசலாம்.

இதைச் சொல்லிக் கொடுத்தவுடன் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். எல்லாவற்றிலும் கற்றல் பேறு, அதாவது மாணவர் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன என்று, தேடுவார்கள். விடுதி அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று புகார் கொடுத்த மாணவர், அதன்வழி "தொடர்பாடல் திறன் பெற்றார்" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ஐயா, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காற்று. புகார் வந்து எத்தனை நாளில் மின்விசிறி ஓடியது, அதே அறையிலிருந்து அதே புகார் மறுபடி வந்ததா, இவைதான் அந்தச் சேவையின் விளைவு. சேவையின் தரத்தை அளக்க வேண்டிய இடத்தில் அதை மட்டும் அளந்தால் போதும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பொங்கல் விழா, தீபாவளி இரவு மாதிரி கழக நிகழ்ச்சிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. அறிக்கை முழுக்க வந்து சாப்பிட்டவர்களைப் பற்றியே இருக்கும். 600 பேர் வந்தார்கள் என்றால் மகிழ்ச்சி. ஆனால் அந்த விழாவில் ஏதாவது கற்றவர்கள் பெரும்பாலும் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த பதினைந்து இருபது பேர்தான். வரவு செலவுத் திட்டம் போட்டு, ஆதரவாளரிடம் பேசி, மண்டபத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதி, கடைசி நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் வராதபோது சமாளித்தவர்கள் அவர்கள். அவர்களின் முதல் வரவு செலவுத் திட்டத்தையும் இறுதிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நல்ல சான்று கிடைக்கும். எங்கே தவறாக மதிப்பிட்டார்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

அறிகுறி: எல்லா நிகழ்ச்சியும் எம்கியூஎஃபின் ஐந்து தொகுதிகளிலும் பொருந்துகிறது

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் (எம்கியூஎஃப்) இரண்டாம் பதிப்பு கற்றல் பேறுகளை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், செயல்முறைப் பணித்திறன்கள், தனிமனித மற்றும் தொழில்முனைவுத் திறன், நெறிமுறையும் தொழில்முறைமையும். உங்கள் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி இருந்தால், குறி போட்டவர் யோசிக்காமல் போட்டார் என்று மட்டும்தான் படிப்பவருக்குத் தெரியும்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வையுங்கள். குறி போட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சான்றைக் கையில் எடுத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் குறியை அழியுங்கள். வெற்றுக் கட்டங்கள் நிறைய இருக்கும் அட்டவணைதான் நம்பும்படி இருக்கும்.

அறிகுறி: மனநிறைவு மதிப்பெண் எப்போதும் 5க்கு 4.3. எந்த ஆண்டும் அசைவதில்லை

அசையாத அளவுகோல் எதையும் அளக்கவில்லை. ஏன் அசையவில்லை என்று பார்க்க, படிவம் எந்த நேரத்தில், யார் கையால், எதற்கு விலையாகக் கொடுக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

பல இடங்களில் நடப்பது இதுதான். நிகழ்ச்சி முடியும் கடைசி நிமிடத்தில் திரையில் கியூஆர் கோடு வரும். படிவத்தை நிரப்பினால்தான் இ-சான்றிதழ், அல்லது மெரிட் புள்ளி. அந்தப் புள்ளி அடுத்த ஆண்டு விடுதி இடத்தைத் தீர்மானிக்கக்கூடும். பேச்சாளர் வேறு வாசலிலேயே நிற்கிறார். மாணவர் என்ன செய்வார்? ஐந்து, ஐந்து, ஐந்து என்று தட்டிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போவார். கூகுள் ஃபார்ம் பதில்களின் நேரக்குறிப்பைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பதில்கள் ஐந்து நிமிடத்துக்குள் குவிந்திருந்தாலும், எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை அழுத்தியவர்கள் பாதிக்கு மேல் இருந்தாலும், அது கருத்தறிதல் இல்லை, சுங்கச்சாவடி.

சரிசெய்ய மூன்று காரியம் செய்யலாம். சான்றிதழை வருகைப்பதிவோடு இணையுங்கள், படிவத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பதில் எண்ணிக்கை குறையும், குறையட்டும். பிறகு படிவத்தில் "நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்தது" வகைக் கேள்விகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றிய பேச்சு என்றால், ஒரு மாதிரி ஒப்பந்தப் பத்தியைக் கொடுத்து "முன்பணம் திரும்பக் கிடைக்காமல் போகும் சூழ்நிலை எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்கலாம். மனநிறைவு என்பது மாணவர் தன்னைப் பற்றிச் சொல்வது. இது அவர் செய்து காட்டியது. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்க முடியாது.

மூன்றாவது, சராசரியை மட்டும் எழுதாதீர்கள். 20 பேர் எல்லோரும் 4 கொடுத்தாலும் சராசரி 4.0 தான். 15 பேர் 5 கொடுத்து 5 பேர் 1 கொடுத்தாலும் அதே 4.0 தான். இரண்டாவது அறையில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த ஐந்து பேரும் செத்தாப்பாக்கில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இரவு 10 மணிக்கு முடிந்த பட்டறையிலிருந்து திரும்ப வண்டி கிடைக்காதவர்களாக இருக்கலாம். சராசரி அவர்களை விழுங்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை பேர் என்று ஒரு பட்டை வரைபடம் போட்டால் போதும், வெளியே வந்துவிடுவார்கள்.

அறிகுறி: பதில்கள் வரவில்லை, வந்தவை போதுமா என்று தெரியவில்லை

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுந்தவுடன் எல்லோரும் கிரெய்சி, மார்கன் அட்டவணையைத் தேடுவோம். 1970இல் வெளிவந்த அந்த ஒரு பக்க அட்டவணை இல்லாத ஆய்வேடே மலேசியாவில் இல்லையோ என்று தோன்றும். மொத்தம் 3,000 பேர் என்றால் 341 வேண்டும் என்று அது சொல்லும். 341 வந்துவிட்டது, அப்பாடா என்று படிவத்தை மூடிவிடுவோம்.

பழுது அங்கேதான். அந்த 341, மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் பொருந்தும். வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை வீசிவிட்டு முதலில் பதில் போட்ட 341 பேருக்குப் பொருந்தாது. முதலில் பதில் போடுபவர்கள் யார் என்று நமக்கே தெரியும்: கழகப் பொறுப்பாளர்கள், விடுதிப் பிரதிநிதிகள், கோபத்தில் இருப்பவர்கள். நடுவில் இருக்கும் அமைதியான கூட்டம் வராது.

முறையாகச் செய்ய விரும்பினால் பதிவாளர் அலுவலகத்திடம் மாணவர் பட்டியல் கேட்டு, எக்செலில் ஒவ்வொருவருக்கும் ஒரு குலுக்கல் எண் போட்டு வரிசைப்படுத்தி மேலிருந்து எடுங்கள். நான்கில் ஒருவர்தான் பதில் தருவார் என்று உங்கள் அனுபவம் சொன்னால், 341 பதிலுக்கு 1,364 பேரை அழைக்க வேண்டும். அழைத்த பிறகு வராதவர்களைத் துரத்துவதுதான் வேலை. புதிதாக வேறு ஆட்களுக்கு அனுப்பி எண்ணிக்கையை நிரப்புவது ஏமாற்று. சின்னக் குழு என்றால் அட்டவணையே வேண்டாம். 40 பேருக்கு அது 36 என்கிறது. அதற்கு நாற்பது பேரையும் நேரில் கேட்டுவிடலாம்.

பதில் வந்தபின் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். மொத்த மாணவரில் முதலாமாண்டு எத்தனை விழுக்காடு, வெளியே தங்குவோர் எத்தனை, எந்தப் புலத்தில் எத்தனை என்று பதிவாளரிடம் இருக்கும். பதில் தந்தவர்களில் அதே விகிதம் இருக்கிறதா? மொத்தத்தில் பாதிப் பேர் வெளியே தங்கியிருக்க, பதிலில் பத்தில் ஒருவர்தான் அப்படி என்றால், அறிக்கையில் "மாணவர்கள்" என்று எழுதக்கூடாது. "விடுதியில் தங்கும் மாணவர்கள்" என்று எழுதுங்கள். நேர்மையும் காப்பாற்றப்படும், அடுத்த ஆண்டு யாரைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நேரம் ஒரு காரணம். 14 வாரப் பாடத்தில் 13ஆம் வாரம் படிவம் அனுப்பினால் யார் பார்ப்பார்கள்? பரீட்சை பயம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களும் வேண்டாம். பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். ஐந்தாவது முதல் எட்டாவது வாரம் வரை நல்ல காலம். அப்புறம், நூலகம், கல்வித்துறை, விடுதி என்று எல்லோரும் அதே வாரத்தில் அனுப்பாமல் ஒரு பொது நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, நான்கு பேர் கூடித் தேத்தாரே குடித்தால் முடிந்துவிடும்.

அறிகுறி: பயிற்சிக்குப் பிறகு மாணவரின் மதிப்பெண் குறைந்திருக்கிறது

பயப்படாதீர்கள். நேர்காணல் பயிற்சிக்கு முன் "என் நேர்காணல் திறன்" என்ற கேள்விக்கு மாணவர் தனக்கு 4 கொடுத்துக்கொள்வார். பயிற்சியில் மாதிரி நேர்காணலுக்கு உட்கார்ந்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்ற கேள்விக்கே தடுமாறிய பிறகு 3 கொடுப்பார். திறன் குறையவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. முன்பு தனக்கு என்ன தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது.

முன்படிவத்தை விட்டுவிட்டு, முடிவில் இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: பயிற்சிக்கு முன் எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். இதிலும் ஓட்டை உண்டு: நம் பிள்ளைகள் மரியாதைக்காக முன்னேறிவிட்டதாகக் காட்டுவார்கள். அதனால் முடிந்தால் மாதிரி நேர்காணலை இரண்டு பேர் ஒரே மதிப்பெண் அட்டையை வைத்துத் தனித்தனியாகப் பார்க்கட்டும். இருவரும் கொடுத்த எண்கள் எட்டாத் தூரத்தில் இருந்தால், அட்டையின் வார்த்தைகளைத் திருத்துங்கள், மாணவரை அல்ல.

இதற்கு நேர் எதிரான அறிகுறி கவுன்சலிங் பிரிவில் வரும்: எல்லோரும் தேறிவிட்டார்கள், நம்பமுடியாத அளவுக்கு. மனம் மிகவும் உடைந்த வாரத்தில்தான் ஒருவர் கதவைத் தட்டுகிறார். எந்த உதவியும் இல்லாவிட்டாலும் சில வாரத்தில் பலருக்கு ஓரளவு தணியும். ஆகவே முன் பின் வித்தியாசம் முழுவதையும் கவுன்சலிங்கின் கணக்கில் எழுத முடியாது. "சேவையைப் பெற்ற காலத்தில் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது" என்று எழுதலாம்; "சேவையால் குறைந்தது" என்று எழுத, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடாவது ஒப்பிட்டிருக்க வேண்டும்.

டாஸ்-21 (மனநிலையை அளக்கும் 21 கேள்விப் படிவம்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எண்கள் எல்லாம் சந்தேகத்துக்கு இடமான அளவுக்குத் தாழ்வாக, வளாகமே ஆனந்தமாக இருப்பதுபோல் தெரிந்தால், இரண்டால் பெருக்கினார்களா என்று பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டி வந்ததை இரண்டால் பெருக்கிய பிறகுதான் வழக்கமான எல்லைக்கோடுகளோடு ஒப்பிட வேண்டும். மனச்சோர்வில் 0 முதல் 9 வரை இயல்பு, 10 முதல் 13 வரை இலேசானது, 14 முதல் 20 வரை நடுத்தரம், 21 முதல் 27 வரை கடுமை, 28உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. பெருக்க மறந்தால் கடுமையான நிலையில் இருக்கும் 24, வெறும் 12 ஆகி இலேசானதில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது அறிக்கைப் பிழை மட்டுமல்ல. உடனே கூப்பிட்டுப் பேச வேண்டிய ஒரு மாணவரைத் தவறவிடுவது. இன்னொன்று, டாஸ்-21 நோயைக் கண்டறியும் கருவி அல்ல. "இத்தனை மாணவருக்கு மனச்சோர்வு நோய்" என்று அதை வைத்து எழுதக்கூடாது.

அறிகுறி: பிரிவுகள் அனுப்பிய எக்செல் கோப்புகள் ஒன்றோடொன்று சேரவில்லை

இது சலிப்பான வேலை என்றாலும் அறிக்கையின் பாதி நேரத்தை விழுங்குவது இதுதான். முதலில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பாருங்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். ஐசி பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குவதால், 2004இல் பிறந்தவருடையது 04 என்று தொடங்கும். எக்செல் அதை வெறும் எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். 2000இல் பிறந்தவருக்கு இரண்டு பூஜ்யம் போகும், ஒக்டோபருக்கு முன் பிறந்தவர் என்றால் மூன்று. ஒரு கோப்பில் பூஜ்யத்தோடும் இன்னொன்றில் பூஜ்யம் இல்லாமலும் இருந்தால் எந்தத் தேடல் சூத்திரமும் அவர்களைக் கண்டுபிடிக்காது. பட்டியலில் மூத்த மாணவர்கள் மட்டும் பொருந்தி, இளையவர்கள் யாருமே பொருந்தவில்லை என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான்.

அந்த நிரலைத் தரவு ஒட்டுவதற்கு முன்பே உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, ஐசி எண்ணைக் கேட்காமலே இருப்பது. மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்) போதும். பட்டறைக்கு வந்தவரின் ஐசி எண் நமக்கு எதற்கு? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கும் நாட்டில், தேவையில்லாததைச் சேர்த்து வைப்பது வீண் தலைவலி.

அடுத்தது வரையறை. ஒரு பிரிவு 300 என்று எழுதும். அது 300 வருகை. இன்னொன்று 120 என்று எழுதும். அது 120 ஆள். கூட்டினால் வரும் 420க்கு ஒரு பொருளும் இல்லை. மிண்டென், நிபோங் தெபால், குபாங் கெரியான் என்று மூன்று இடத்தில் வளாகம் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாதிரி பெரிய அமைப்புக்கு மட்டுமல்ல, ஒரே கட்டடத்தில் மூன்று மாடியில் இருக்கும் பிரிவுகளுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: ஆள் என்றால் என்ன, வருகை என்றால் என்ன, ஆண்டு என்றால் நாட்காட்டி ஆண்டா கல்வி ஆண்டா, மின்னஞ்சலில் கேட்ட சந்தேகம் சேவையில் சேருமா சேராதா.

அறிகுறி: கவுன்சலிங் பிரிவு தரவு தர மறுக்கிறது

அவர்கள் மறுப்பது சரி, நீங்கள் கேட்ட விதம் தவறாக இருக்கலாம். கவுன்சலர்கள் சட்டம் 1998இன் கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கு இரகசியம் காப்பது தொழிலின் அடித்தளம். பெயர்ப் பட்டியலைக் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. தொகுத்த எண்களைக் கேளுங்கள்: முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் சந்திப்புக்கு வந்தார்கள், என்ன வகைப் பிரச்சினைகள்.

தொகுத்த எண்ணிலும் ஆள் தெரிந்துவிடும் என்பதை நம்மைவிட நன்றாக உணரக்கூடியவர் யார்? ஒரு புலத்தின் மூன்றாமாண்டில் இந்திய மாணவிகள் மூன்றே பேர் இருக்கும் வளாகங்கள் உண்டு. "புலம், ஆண்டு, இனம், பால்" என்று பிரித்த அட்டவணையில் அந்தக் கட்டத்தில் 1 என்று விழுந்தால், மறுநாள் உணவுக்கூடத்தில் அவள் பெயர் பேசப்படும். ஐந்துக்குக் குறைந்த எந்தக் கட்டத்தையும் வெளியிடாதீர்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தைப் போட்டால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளையே இணைத்துவிட வேண்டும். நான் இணைக்கவே சொல்வேன். நட்சத்திரக் குறிகள் நிறைந்த அட்டவணை ஆர்வத்தைத்தான் தூண்டும்.

இந்த விதியை எழுதி முதலில் கவுன்சலிங் பிரிவிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு தரவு வருவது எளிது.

அறிகுறி: பட்டதாரி வேலைவாய்ப்பு விகிதம் உயர்ந்தது; வேலைவாய்ப்புப் பிரிவும் கழகப் பிரிவும் விடுதியும் சொந்தம் கொண்டாடுகின்றன

எஸ்கேபிஜி என்ற உயர்கல்வி அமைச்சின் பட்டதாரி ஆய்வு பட்டமளிப்பு விழாவை ஒட்டி நிரப்பப்படுவது. அதன் விகிதத்தில் வேலையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, மேல்படிப்புக்குப் போனவர்கள், திறன் பயிற்சியில் இருப்பவர்கள், நியமனத்துக்குக் காத்திருப்பவர்களும் அடக்கம். பொருளாதாரமும் பாடத்துறையும் குடும்பச் சூழலும் அதைத் தூக்கும், இறக்கும். ஒரு வேலைவாய்ப்புக் கண்காட்சி அதைத் தூக்கியது என்று எழுதினால் அடுத்த ஆண்டு இறங்கும்போது என்ன எழுதுவீர்கள்? அந்த எண்ணைப் பின்னணியாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை அளங்கள்: கண்காட்சியில் நேர்காணல் கிடைத்தவர் எத்தனை பேர், அதில் முன்கூட்டியே ரெசுமே சரிபார்க்க வந்தவர் எத்தனை பேர்.

அறிகுறி: "தொடர் மேம்பாட்டுக்குச் சான்று இல்லை" என்று மதிப்பீட்டுக் குழு எழுதிவிட்டது

மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பாடத்திட்ட அங்கீகார நெறிமுறைத் தொகுப்பு, 2017ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், ஏழு பகுதிகளாக இருக்கிறது. மூன்றாவது, மாணவர் தேர்வும் ஆதரவுச் சேவைகளும். ஏழாவது, கண்காணிப்பு, மறுஆய்வு, தொடர் தர மேம்பாடு. மாணவர் சேவைக்காரர்கள் மூன்றாவதற்குக் கோப்பு கோப்பாகத் தயார் செய்துவிட்டு, ஏழாவது கல்வித்துறையின் வேலை என்று இருந்துவிடுகிறார்கள். குழு வந்து, "போன ஆய்வில் இந்தக் குறை தெரிந்ததே, பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது மேசையில் ஒன்றும் இருக்காது.

பெரும்பாலும் ஏதோ செய்திருப்பார்கள், எழுதி வைத்திருக்க மாட்டார்கள். விடுதி முகப்பு நேரத்தை மாலை 5 மணியிலிருந்து இரவு 8 மணிவரை நீட்டியிருப்பார்கள். எந்தக் கண்டுபிடிப்பால் நீட்டினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பழைய கூட்டக் குறிப்புகளையும் சுற்றறிக்கைகளையும் புரட்டி இந்த இணைப்புகளை மீட்டெடுக்கலாம். நடக்காததை நடந்ததாகப் பின் தேதி போட்டு எழுதும் ஆசை வரும். வேண்டாம். குழுவில் இருப்பவர்களும் வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையைச் செய்பவர்கள்தான், ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி வரும் ஆண்டுகளுக்கு, அறிக்கையின் முதல் பக்கத்தைப் போன ஆண்டுக்குக் கொடுங்கள். நான்கு நிரல் போதும்: போன ஆண்டு என்ன தெரிந்தது, என்ன முடிவெடுத்தோம், எந்தக் கூட்டத்தில், இப்போது எண் எங்கே நிற்கிறது. இயக்குநர்கள் நாற்பது பக்க அறிக்கையைப் படிப்பதில்லை என்று எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறோம். இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்கள், ஏனென்றால் அதில் அவர்கள் கையெழுத்துப் போட்ட முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றும் மாறவில்லை என்பதும் ஒரு பதிலே. மூன்று ஆண்டாகக் காலியாகவே ஓடும் ஒரு பட்டறையை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை முதலாமாண்டு மாணவர்களின் முதல் மாதச் செலவுக்கான அவசர நிதியில் போட்டீர்கள் என்றால், அதைவிடத் தெளிவான மேம்பாட்டுச் சான்று கிடைக்காது. நம் அலுவலகங்களில் எதையும் ஆரம்பிக்கத் துணிவு உண்டு, நிறுத்தத்தான் யாருக்கும் மனம் வராது. நிறுத்தியதையும் அந்த நான்கு நிரலில், கூட்ட எண்ணோடும் தேதியோடும், ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.